கவிழ்த்து வைத்த தாள்

போன வாரம் பெரிய சிஸ்டரைப் பெருமை பிடிபடாமல் நிற்கவைத்துவிட்டு வந்தோம். குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ் அவள். ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கெல்லாம் மேலான மேட்ரனின் காதில் ஒரு வார்த்தை போட்டு, நர்சிங் படிக்கும் மகள் அம்முவைத் தன் வார்டுக்கே பயிற்சிக்கு வரவழைக்க ஏற்பாடு செய்துவிட்டாள். அம்மு வகுப்பில் மருந்துக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்பா அந்த மதிப்பெண் அட்டையைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போய், கண் பார்க்க வந்தவர்களிடம் எழுத்துப் பலகைக்குப் பதிலாக அதை நீட்டிப் படிக்கச் சொன்னார். படித்தவர்களுக்கெல்லாம் பார்வை பிரமாதம் என்றார்.

இந்த வாரம் அந்தப் பெருமை போன இடத்தைச் சொல்ல வேண்டும். சொல்லவே எனக்கு வாய் கசக்கிறது.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைக்கு ஊசி மருந்து ஏற்றும் முன் இரண்டு நர்ஸுகள் தனித்தனியாகக் கணக்குப் போடுவார்கள். குழந்தையின் எடை என்ன, அதற்கு எவ்வளவு மருந்து, கையில் இருக்கும் பாட்டிலிலிருந்து எத்தனை மில்லி எடுக்க வேண்டும். முதலில் போட்டவள் தன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். இரண்டாமவள் வந்து, பாட்டிலைத் தன் கையில் எடுத்து, தன் கண்ணால் படித்து, தன் தாளில் போடுவாள். பிறகுதான் இரண்டு தாள்களையும் நிமிர்த்திப் பார்ப்பார்கள். ஒத்துவந்தால் இரண்டு கையெழுத்து. ஒத்துவராவிட்டால் இருவரும் முதலிலிருந்து போட வேண்டும்.

இரண்டாவது கையெழுத்தைப் பயிற்சிக்கு வந்தவர்கள் போடக்கூடாது என்பது விதி. அன்று காலை இரண்டாவதாக நிற்க வேண்டிய நர்ஸ், பக்கத்து வார்டில் வலிப்பு வந்த குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஓடியிருந்தாள். ஜன்னலோரப் படுக்கையில் இருந்த சிறுமிக்கு மருந்து நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் பெரிய சிஸ்டர் அந்த நர்ஸ் வரும்வரை நின்றிருப்பாள். அன்று அவளுக்குள் இருந்த அம்மா முந்திக்கொண்டாள்.

"அம்மு, நீ வந்து போடு. கணக்குல புலிதானே நீ?"

"நானா? போடலாமா?"

"நான் சொல்றேன், போடு."

தன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கை கழுவப் போனாள். குழாயை மூடிவிட்டுத் திரும்புவதற்குள் மகளின் தாள் தயாராக இருந்தது. இரண்டையும் நிமிர்த்தினார்கள். இரண்டு மில்லி. இரண்டு மில்லி. அச்சடித்ததுபோல ஒத்துவந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய சிஸ்டருக்கு மகளின் கன்னத்தைக் கிள்ள வேண்டும்போல இருந்தது. வேலை இடம் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

சிறுமி கையைத் தரமாட்டேன் என்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அம்மு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவிழ்ந்திருந்த ரெட்டைப் பின்னலை முடிந்துவிட்டு, ஏதோ பேச்சுக் கொடுத்துக் கையை வெளியே வரவைத்தாள். பெரிய சிஸ்டர் அந்தக் கையில் ஏற்கெனவே மாட்டியிருந்த மருந்துக் குழாயில் ஊசியைப் பொருத்தினாள். அழுத்தும் முன் கடைசியாக ஒருமுறை பாட்டிலைப் படிப்பது அவளுக்கு மூச்சு விடுவது போன்ற பழக்கம்.

படித்தாள். கை அப்படியே நின்றது.

பாட்டிலில் ஒரு மில்லிக்கு நூறு மில்லிகிராம் என்று போட்டிருந்தது. அவள் மனதில் இருந்தது ஐம்பது. இத்தனை வருஷமாக வந்த பாட்டில் எல்லாம் ஐம்பதுதான். இந்த வாரம் புதிதாக வந்த சரக்கு இரட்டிப்பு வீரியம். காலைக் கூட்டத்தில் அதைச் சொன்னதே அவள்தான். சொன்ன வாய் வேறு, கணக்குப் போட்ட கை வேறாகப் போய்விட்டது. ஊசியில் இருந்தது அந்தச் சின்ன உடம்பு தாங்க வேண்டியதைப்போல் இரண்டு பங்கு.

"என்ன சிஸ்டர், ஊசி வேணாமா?" என்று சிறுமி ஆசையோடு கேட்டாள்.

"வேணும்டா கண்ணு. வேற ஊசி எடுத்துட்டு வரேன்."

ஊசியைக் கழற்றி, மருந்தைக் கொட்டி, பக்கத்து வார்டிலிருந்து ஓடி வந்த நர்ஸை நிறுத்திவைத்துப் புதிதாகக் கணக்குப் போட்டு, சரியான அளவை ஏற்றினாள். சிறுமி அழுதுவிட்டு அம்முவிடம் ரிப்பன் கேட்டாள். எதுவும் ஆகவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாது.

மருந்து அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் பெரிய சிஸ்டருக்கு உறைத்தது. தான் தவறாகப் போட்டது சரி. அம்மு எப்படி அதே தவறைப் போட்டாள்?

மகளின் தாளை எடுத்துப் பார்த்தாள். அழகான கையெழுத்து. எடை சரி. மருந்தளவு சரி. கடைசி வரியில், மில்லிக்கு ஐம்பது என்று போட்டு, வகுத்து, இரண்டு என்று அடிக்கோடு.

ஐம்பது என்று அந்த வார்டில் எந்தப் பாட்டிலிலும் இல்லை. பழைய சரக்கை முந்தாநாளே திருப்பி அனுப்பியாயிற்று. அம்மு இந்த வார்டுக்கு வந்ததே நேற்று. அவள் கண்ணால் ஐம்பதைப் பார்த்திருக்கவே முடியாது.

அம்முவைக் கூப்பிட்டாள்.

"இந்த ஐம்பது எங்கேருந்து வந்துச்சு?"

"பாட்டில்லேருந்துதாம்மா."

"எந்தப் பாட்டில்?" பாட்டிலை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். "படி."

அம்மு படித்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை.

"என் தாளைத் தூக்கிப் பார்த்தியா?"

அம்மு கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடினாள்.

"விடையைப் பார்த்துட்டு, அதுக்கு என்ன நம்பர் போட்டா பொருந்தும்னு பின்னாலேருந்து கணக்கு கட்டியிருக்க. அப்படித்தானே?"

"நீ தப்பாப் போடமாட்டேன்னு நெனச்சேன்" என்றாள் அம்மு. கண்ணில் தண்ணீர் முட்டியது. "எனக்கு அந்தக் கடைசி வரி எப்பவும் கொஞ்சம் குழப்பும்மா."

முழு மதிப்பெண் வாங்கியவளுக்குக் கடைசி வரி குழப்புமாம். எத்தனையோ குழந்தைகளின் வாந்தியை முகம் சுளிக்காமல் துடைத்த பெரிய சிஸ்டர், மகளின் அந்த அழகான கையெழுத்தைப் பார்க்க முடியாமல் தாளை மடித்துப் பைக்குள் போட்டாள்.

சாயங்காலம் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தார்கள்.

அப்பா கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க டாக்டரம்மா!" என்று மகளுக்குச் சலாம் வைத்தவர், இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். பெரிய சிஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததைச் சொன்னாள். பிறகு மகளிடம் கையை நீட்டினாள்.

"போனைக் குடு. நீ எப்படி அந்த மார்க் வாங்கினேன்னு பார்க்கணும்."

அம்மு அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். போன் கைமாறியது.

அது ஒரு குரூப். முகம் தெரியாத பலபேர். பாடம் எதுவானாலும் கேள்வியைப் படம் பிடித்துப் போட்டால் யாராவது விடை போடுவார்கள். மருந்துக் கணக்கு என்றால் முக்கால்வாசி பதில் சொல்பவன் ஒருவனே. கணக்கு மாமா என்று பெயர் வைத்திருக்கிறான். வருஷம் முழுக்க அம்முவின் வீட்டுப்பாடம் அங்கேதான் நடந்திருக்கிறது. 'மாமா, அர்ஜென்ட்', 'மாமா, வழியோட வேணும்', 'மாமா, கொஞ்சம் மாத்தி எழுதிக் குடுங்க, மிஸ் கண்டுபிடிச்சிடுவாங்க'. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கும்பிடு, ஒரு இதயம்.

"பரீட்சையில என்ன பண்ணின?"

"வீட்டுப்பாடத்துல வந்த கணக்கேதாம்மா வரும். நம்பர்கூட மாத்தமாட்டாங்க. மனப்பாடம் பண்ணிட்டேன்."

"த்தூ!" என்றாள் பெரிய சிஸ்டர். அவள் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்து அந்த வீடு கேட்டதில்லை.

அப்பா குறுக்கே வந்தார். "இந்தாம்மா, விடு. இந்தக் காலத்துல யார் பண்ணல? தெரியாததை நாலு பேர்கிட்ட கேட்கறது ஒரு குத்தமா? நானே புது லென்ஸ் வந்தா கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுக் கேட்கறேன்."

"கேட்டுட்டு லென்ஸை யார் தேய்க்கறா?"

"நான்தான்."

"பவர் சரியான்னு யார் பார்க்கறா?"

"நான்தான் பார்க்கணும். வேற யாரு பார்ப்பா?"

"இவ அப்படிக் கேட்டிருந்தா கால்ல விழுந்து கும்பிடுவேன். வாத்தியாரைக் கேளு, என்னைக் கேளு, அந்த மாமாவையே கேளு, புரியலன்னு நூறு தடவை கேளு. இவ என்ன பண்ணியிருக்கா? எவனோ தேய்ச்சு முடிச்ச கண்ணாடியை வாங்கி, தன் பேரை ஒட்டி, ஒரு குழந்தை மூக்குல மாட்டப் பார்த்திருக்கா."

அப்பா தாடையைச் சொறிந்தார். தொழிலைத் தொட்டுப் பேசியதும் கத்தியை எடுத்து மறுபடி காய் நறுக்க ஆரம்பித்தார்.

அம்முவுக்குக் கோபம் வந்தது. அடிபட்டவர்களுக்கு வரும் ரோஷம் அது.

"எல்லாம் என் மேலயா? தப்பாப் போட்டது யாரு? நீ! இத்தனை வருஷ சர்வீஸ் உனக்கு. என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னதும் நீ. நான் உன்னை நம்பினேன். அது ஏமாத்தா?"

"ஆமாடி, நான்தான் தப்பாப் போட்டேன். போடக்கூடாத இடத்துல உன்னை நிக்க வெச்சதும் நான்தான். நான் தப்புப் பண்ணுவேன்னு தெரிஞ்சுதான் பக்கத்துல இன்னொருத்தியை வெச்சிருக்காங்க. நீ என்னை நம்பறதுக்கு அங்கே நிக்கல. சந்தேகப்படறதுக்கு நின்ன. அந்த ஒரு வேலையை நீ செய்யல."



பெரிய சிஸ்டருக்கு இன்னொரு ஆசை வந்தது. ஒரு வருஷம் தன் மகளுக்குப் பாடம் நடத்திய மகானை விசாரிக்க வேண்டும். அம்முவின் போனிலேயே தட்டினாள். 'மாமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க? டாக்டரா, நர்ஸா?'

பதில் பறந்து வந்தது. 'சேச்சே. வீட்ல சும்மாதான் இருக்கேன். போரடிச்சா கணக்குப் போடுவேன்.'

'இந்த மருந்துக் கணக்கெல்லாம் யாருக்குன்னு தெரியுமா?'

'தெரியாதே. மனுஷனுக்கா, மாட்டுக்கா?'

தொடர்ந்து இன்னொன்று வந்தது. 'சில சமயம் தப்பாவும் இருக்கும். நீங்க ஒரு வாட்டி செக் பண்ணிக்கோங்க.' பக்கத்தில் கண்ணடிக்கும் மஞ்சள் முகம்.

அதைக் கணவரிடம் காட்டினாள். அப்பா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் படித்தார். மாடு மாடாகவே இருந்தது. சிரிப்பு வந்தும் சிரிக்க முடியாமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

இனி ஒரு வேலை பாக்கி. நடக்கப் பார்த்துத் தப்பிய தவறானாலும் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். போனிலேயே எழுதி அனுப்பலாம். மேட்ரன் பார்த்து மேலே தள்ளுவாள். எழுதினால் பெரிய சிஸ்டரின் பெயரும் வரும், இரண்டாவது கையெழுத்துப் போட்ட அம்முவின் பெயரும் வரும். கல்லூரி அவளை வார்டை விட்டு எடுத்துவிடும். வருஷம் போகும், ஒருவேளை படிப்பே போகும். பெரிய சிஸ்டருக்கும் நஷ்டம்தான். ஓய்வு பெறப்போகும் மேட்ரனின் நாற்காலி அடுத்து அவளுக்கு என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு.

"ஒண்ணும் ஆகலையே" என்று அப்பா சமையலறையிலிருந்தே சொன்னார். "யாருக்கும் தெரியவும் தெரியாது. நீ திட்டினது போதாதா? பாவம், சின்னப் பொண்ணு."

விட்டுவிடலாம் என்று அவளுக்கே தோன்றியது. எவ்வளவு ஆசையாகத் தோன்றியது என்பதைக் கண்டு தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சோபாவில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். அம்மு தன் போனைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"உள்ளே போய் அழாதே. என்ன தப்புப் பண்ணினேன்னு யோசி. யோசிச்சு எனக்குச் சொல்லு" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் இரண்டு பெயரையும் எழுதி முடித்த நேரத்தில் போனில் மகளிடமிருந்து செய்தி வந்தது. பெரியதாக.

'என் உயிரினும் மேலான அம்மாவுக்கு. நான் செய்தது வெறும் தவறல்ல, துரோகம். நீ கற்றுத்தந்த நேர்மையை நானே குழிதோண்டிப் புதைத்துவிட்டேன். என் கண் முன்னே ஒரு உயிர் ஊசலாடியிருக்கும். அதை எண்ணி எண்ணி என் நெஞ்சு வெடிக்கிறது. அந்தச் சிறுவனின் பிஞ்சு முகம் என் கண்ணை விட்டு அகலவில்லை. நீ என்ன தண்டனை கொடுத்தாலும் தலைவணங்கி ஏற்பேன்...'

பெரிய சிஸ்டருக்கு முதல் வரியிலேயே கண் நிறைந்துவிட்டது. மீதியைக் கலங்கலாகத்தான் படித்தாள். பெற்ற வயிறாயிற்றே. கணவரைக் கூப்பிட்டு நீட்டினாள். அவர் படித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தியா? உள்ளுக்குள்ள எவ்வளவு தவிக்குது குழந்தை."

அவள் தலையாட்டினாள். எழுதிவைத்த அறிக்கையைத் திறந்தாள். மகளின் பெயர் இருந்த வரியை அழித்தாள். தவறைத் தான் மட்டுமே ஏற்றுக்கொண்டால் என்ன என்று யோசித்துக்கொண்டே, அந்தச் செய்தியை இன்னொருமுறை படிக்க எடுத்தாள். ஆசையாகப் படிக்கத்தான் எடுத்தாள்.

இந்தமுறை கண்ணில் தண்ணீர் இல்லை. எல்லா எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

"அம்மு! இங்கே வா."

வந்தாள். முகம் கழுவியிருந்தாள். மன்னிப்பு கிடைத்துவிட்ட நம்பிக்கை தெரிந்தது.

"காலைல பின்னல் முடிஞ்சுவிட்டியே. அது பையனா, பொண்ணா?"

"பொண்ணும்மா. ரிப்பன்கூடக் கேட்டுச்சே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். கை தானாகப் பாவாடை பாக்கெட்டில் இருந்த போனைத் தொட்டது.

"யார் எழுதிக் குடுத்தா?"

"அம்மா, அது வந்து... என் மனசுல இருந்ததுதாம்மா. எனக்கு அவ்வளவு நல்லா எழுத வராதேன்னு..."

"யார்?"

"குரூப்ல... கேட்டேன்."

அப்பா மனைவியின் கையிலிருந்து போனை வாங்கி மறுபடி படித்தார். 'சிறுவனின்' என்ற இடத்தில் விரலை வைத்தார். துண்டால் துடைத்த முகம் அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். துண்டை எடுத்துத் தூர எறிந்தார்.

"அனுப்பு" என்றார் மனைவியிடம். "அவ பேரையும் சேர்த்து எழுதி அனுப்பு."

"அப்பா!"

"என்னையே அழ வெச்சிட்டான் எவனோ ஒரு வெட்டிப்பய. போடீ உள்ள!"

அம்மு போகவில்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்து இப்போது நிஜமாகவே அழுதாள். வார்த்தை எதுவும் ஒழுங்காக வராத அழுகை. கெஞ்சினாள். இனிமேல் செய்யமாட்டேன் என்றாள். என் வருஷம் போயிடும்மா என்றாள். பெரிய சிஸ்டர் அழித்த வரியைத் திரும்ப எழுதினாள். மகள் தாளைத் தூக்கிப் பார்த்ததை எழுதினாள். விதியை மீறி மகளை நிறுத்திய தன் அசட்டுப் பெருமையையும் எழுதினாள். அனுப்பிவிட்டுப் போனை மடியில் போட்டுக்கொண்டாள்.

அடுப்பில் குழம்பு அடிபிடித்த வாசனை வந்தது. அப்பா ஓடினார்.

மடியில் போன் அதிர்ந்தது. மேட்ரன்.

'பார்த்தேன். மேலே அனுப்பலை. என்ன பைத்தியக்காரத்தனம் இது? நான் போகிற நேரத்தில் என் தலையிலும் சேர்த்தா மண்ணை அள்ளிப் போடுவாய்? பயிற்சிப் பெண் கையெழுத்துப் போட்டாள் என்ற பேச்சே வரக்கூடாது. அந்தத் தாளைக் கிழித்துவிடு. கீழே நானே எழுதி வைத்திருக்கிறேன். அப்படியே காப்பி பண்ணி உன் பெயரில் அனுப்பு. அர்ஜென்ட்.'

கீழே ஒரு பத்தி. நல்ல அலுவலக நடை. புதிய பாட்டில் வந்த குழப்பம், தலைமை நர்ஸின் விழிப்பால் உடனே கண்டறியப்பட்டது, பாராட்டத்தக்கது. அம்மு என்று ஒருத்தி அந்த வார்டில் இருந்ததாகவே அதில் இல்லை.

பெரிய சிஸ்டர் அதை முழுக்கப் படித்தாள். விரல் அந்தப் பத்தியின்மேல் நின்றது. அழுத்திப் பிடித்தால் போதும், காப்பி ஆகிவிடும்.

காலடியில் இருந்த அம்மு எப்போது எழுந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாளோ தெரியாது. கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"மேட்ரன் எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க பாரும்மா" என்றாள்.